கெர்னல் முகவரி மறைப்பு

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல், தன் நினைவகத்தில் எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் வாசம் செய்கிறது என்னும் இரகசியத்தைச் சாமானியப் பயனரிடமிருந்து காப்பதற்கென்று 2011-இல், 2.6.38-ஆம் பதிப்பில் மேற்கொண்ட ஏற்பாடு இது. கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட் என்பது இதன் பெயர். வேறொரு பிழையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் விரோதிக்கு முகவரி கிட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு துவக்கத்திலும் கெர்னலின் இருப்பிடத்தையே மாற்றிவைக்கும் 2014-ஆம் ஆண்டு உபாயமும், ஒரேயொரு முகவரி கசிந்தால் பெரும்பாலும் வியர்த்தமாகிவிடும். கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்டின் மதிப்பை 1 என வைத்தால், உரிய அதிகாரமற்றவர் கெர்னலின் செயற்கூறுகளைப் பட்டியலிடும் கால்சிம்ஸ் கோப்பைத் திறக்கையில், செயற்கூற்றின் பெயர் வரிதோறும் தெளிவாயிருக்க, அதன் முகவரிக்குரிய இடத்தில், 64-பிட் கணினியானால், பதினாறு சுழியங்களே நிற்கும். 2 என வைத்தாலோ ரூட் பயனருக்கும் அதே தரிசனந்தான். பிழை ஆராய்வோர்க்கு இது சிரமமே; ஆயினும் பலர் கூடிப் பயிலும் சர்வர்களில் அச்சிரமத்தை ஏற்பதே உசிதம்.