கணக்குப்பதிவியல் (மேல்நிலைப் பள்ளிப் பாடம்)

தமிழ்நாட்டில் 11, 12ஆம் வகுப்புகளில், பேச்சுவழக்கில் ‘காமர்ஸ் குரூப்’ எனப்படும் பிரிவில், வணிகவியல், பொருளியல் ஆகியவற்றுடன் கற்பிக்கப்படும் பாடம்.

சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886இல் தொடங்கிய வணிகப் பள்ளியே இந்தியாவில் வணிகக் கல்வியின் முதல் பள்ளி எனப் பல நூல்கள் கூறும். பின்னர் நெடுங்காலம், பள்ளியிறுதிக்கும் பட்டப்படிப்புக்கும் இடைப்பட்ட படிப்பு கல்லூரியிலேயே இருந்தது. பிற்காலத்தில் அது புகுமுக வகுப்பு எனப்பட்டது. கோத்தாரி கல்விக்குழு (1964–66) பரிந்துரைத்த 10+2+3 முறையை ஏற்று, 1978இல் தமிழ்நாடு மேல்நிலை வகுப்புகளைப் பள்ளிகளில் தொடங்கியது. முதல் அணி 1980இல் பிளஸ் டூ தேர்வு எழுதியது.

பாடத்தின் அடிப்படை, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரண்டாகப் பதியும் இரட்டைப் பதிவு முறை. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் நூல் இதை முதலில் அச்சில் விளக்கியது. இந்திய வணிகரின் ‘பஹி-காதா’ அதற்கும் முந்தைய இரட்டைப் பதிவு முறை என ஆய்வாளர் லால் நிகம் 1986இல் வாதிட்டார்; அதை மறுத்துப் பிறர் எழுதினர். இன்னும் முடிவாகவில்லை.

பாடத்தின் கலைச்சொற்கள் தனியே கவனிக்கத்தக்கவை. குறிப்பும் பேரேடும் நகரத்தார் கடைகளில் புழங்கியவை; அவை குறிப்பேடு, பேரேடு என வகுப்பறையிலும் நிலைத்தன. கணக்குகளின் இருப்புகளைத் திரட்டும் இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவராதபோது, பிழை கிடைக்கும்வரை வேறுபாட்டைத் தாங்கி நிற்கும் கணக்குக்கு ‘அனாமத்து’ என்று பெயர். அரபு ‘அமானத்’ என்ற சொல்லின் திரிபு அது. மாணவர் நோட்டில் கணக்கை முடிக்கும்போது ‘இருப்பு கீ/இ’ என்றும், மறுபக்கம் அதே தொகையை ‘இருப்பு கீ/கொ’ என்றும் எழுதுவர்: கீழ் இறக்கப்பட்டது, கீழ் கொண்டுவரப்பட்டது. பேரேட்டுப் பக்க எண்ணுக்கென ‘பே.ப.எ.’ என்ற ஒடுங்கிய பத்தி ஒன்றும் உண்டு. பலரது நோட்டிலும் அது வெறுமையாகவே கிடக்கும்.

இலங்கையில் உயர்தர வகுப்பில் இதே பாடத்தின் பெயர் கணக்கீடு. அங்கு இருப்புநிலைக் குறிப்பை நெடுங்காலம் ஐந்தொகை என்றனர். கணக்கின் பக்கங்களுக்கும் பெயர் வேறு: தமிழ்நாட்டில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு; இலங்கையில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஆக, ‘வரவு’ என்ற ஒரே சொல் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் கணக்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்திருக்கிறது. கடையில் பணம் வந்தால் வரவு என்று சொல்லும் வழக்குக்கு இலங்கை முறை நெருக்கமானது. பணம் தந்தவர் பெயரில் வரவு வைக்கும் மளிகைக்கடை நோட்டுக்கோ தமிழ்நாட்டு முறை பொருந்தும்.

2018இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025இல் அது நீக்கப்பட்டது. பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பது 100 ஆனது. அடுத்து வந்த புதிய பாடநூலில் டேலி மென்பொருள் குறித்த இயல் சேர்க்கப்பட்டது.