யானைப் பஞ்சணையும் ஆவுளியாத் தலையணையும்

எங்கள் குழுவில் ஒருவருடைய மகளுக்கு நான்காவது பிறந்தநாள் வந்தது. கடைக் கரடிப் பொம்மைக்குப் பதிலாக, எல்லோரும் சேர்ந்து விலங்கு உருவில் ஒரு தலையணை தைத்துக் கொடுப்போம் என்று எவரோ சொன்னார். சொன்னவருக்கும் கேட்டவர்களுக்கும் சட்டைப் பொத்தானுக்கு அப்பால் தையல் தெரியாது. குழந்தையின் பாட்டி தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் நிலை கண்டு இரங்கி அவரே ஆசிரியப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய மாலைப்பொழுது இப்படித் தையல் வகுப்பாயிற்று. ஊசி, நூல், பஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தபோது அவை ஒவ்வொன்றும் எங்களை அந்தக் கரைக்கே இழுத்துச் சென்றன. அந்தப் பயணத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் எந்த விலங்கு என்ற கேள்வி எழுந்தது. யானை என்றார் ஒருவர். யானைக்குத் தும்பிக்கை, காது, நான்கு கால் என்று துண்டுகள் பலவாகும். புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று அம்மா மறுத்துவிட்டார். "ஆவுளியா தைங்கய்யா. உடம்பு ஒரே வளைவு, ரெண்டு துடுப்பு, ஒரு வாலு. அம்புட்டுத்தான்" என்றார். மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசுவுக்கு அந்தக் கரையில் வழங்கும் பெயர் ஆவுளியா.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உருவத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, காகிதத்தை மேலே வைத்துக் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டுக் கத்தரிக்க வேண்டும். கோட்டின் மேலேயே, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் தையலைப் போட்டால் பஞ்சின் அழுத்தத்தைத் தாங்கும். வயிற்றுப் பக்கம், வளைவு குறைந்த இடத்தில், நான்கு விரல் நுழையும் அளவுக்குத் தைக்காமல் விடவேண்டும். வளைவுகளில் தையலைத் தொடாதபடி சிறு சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் திருப்பிய பிறகு துணி சுருங்காது. பின்பு திருப்பி, துடுப்பின் முனைகளை மழுங்கிய பென்சிலால் வெளியே தள்ளி, ஒடுங்கிய இடங்களில் முதலில் பஞ்சை அடைத்து, உடலைக் கடைசியில் நிரப்பி, வாயை மூடித் தைத்துவிடலாம். கண்ணுக்குப் பொத்தான் கூடாது. குழந்தை பிய்த்து விழுங்கிவிடக்கூடும். கறுப்பு நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுவது நல்லது.

"நூல இம்புட்டு நீளமா எடுக்காதீக, சிக்கிக்கிடும்" என்று அம்மா சொன்னது எங்கள் காதில் ஏறுவதற்குள் மூன்று முறை சிக்கெடுத்தாயிற்று.

நாங்கள் கைவிட்ட யானைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் பிறந்தவர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் கால்கள் செயலிழந்தன, வலக்கையிலும் வலுவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் கற்று, தையல் எந்திரம் வாங்கி, கம்பளித் துணியில் உடைகள் தைத்து விற்றார். 1879 டிசம்பரில் ஓர் உடையலங்காரப் பத்திரிகையில் வெளிவந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்திவைப்பதற்கான சிறு யானைப் பஞ்சணைகளைச் செய்யத் தொடங்கினார். பெரியவர்களுக்கென்று செய்த அந்த யானையைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டுபோய் விளையாடினார்கள். 1886க்குள் அவருடைய பட்டறையிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் வெளியேறியிருந்தன. அவருடைய மருமகன் ரிச்சர்ட் 1902இல் வடிவமைத்த கரடிதான் அமெரிக்கச் சந்தையில் புகழ்பெற்றது. 1907ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 9,74,000 கரடிகளைச் செய்தது. பஞ்சடைத்த விலங்கு என்னும் பண்டம் உலகச் சந்தைக்கு வந்த கதையில் இது முக்கியமான அத்தியாயம்.

அதே காலத்தில் நம் தென்கோடிக் கரையில் ஊசி என்ன செய்துகொண்டிருந்தது?

அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் பெண்களுக்கான பள்ளி ஒன்றை நடத்தினார்கள். அங்கே 1820களில் மார்த்தா பின்னல்வேலை கற்றுக்கொடுத்தார். 'லேஸ்' என்று இன்றும் நாம் சொல்லும் அந்த நூற்பின்னல் விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர், தாம் பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்தே தம் விடுதலையைப் பெற்றார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஊசிமுனையில் ஈட்டிய விடுதலை என்று இதைச் சொன்னால் அது வெறும் உருவகம் ஆகாது.

அந்த ஊசி இன்னொரு போருக்கும் உடனிருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. மிஷனரிகளின் மனைவியர் வடிவமைத்த தளர்வான குப்பாயத்தை அணிந்து பெண்கள் வெளியே வந்தபோது 1820களிலேயே கலவரங்கள் மூண்டன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல்தான், பல கட்டுப்பாடுகளோடு, திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை ஏற்றது. ஒரு துணியை இரண்டாக மடித்துக் கைக்கும் கழுத்துக்கும் வழிவிட்டுத் தைப்பது, எங்கள் ஆவுளியாவைப் போலவே, தொடக்கநிலைத் தையல்தான். அதை உடுத்தவர்கள் வழியில் அடிபட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. மறுபடியும் தைத்து உடுத்தார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசாவை 1844இல் மணந்தவர், ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல். நாகர்கோவிலில் வளர்ந்து தமிழைக் குழந்தைப் பருவத்திலேயே பேசிய எலைசா, தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியில் பெண்களுக்கான பள்ளியையும் பின்னல்வேலையையும் தொடங்கினார். கால்டுவெல்லின் இலக்கணம் 1856இல் வெளிவந்தது. அதைப் பற்றி நம் இதழ்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அதே வளாகத்தில் தலைகுனிந்து பின்னிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி நாம் எழுதியது சொற்பம். எலைசாவின் பெயராவது கிடைக்கிறது. பின்னியவர்களின் பெயர்களைத் தேடினால் அறிக்கைகளில் 'பெண்கள்' என்ற பன்மைச் சொல்லே பெரும்பாலும் நம்மை எதிர்கொள்கிறது.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில், பஞ்சத்தால் ஆதரவிழந்த பிள்ளைகளுக்காக மர்காஷிஸ் ஐயர் 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். மரவேலை, தையல் போன்ற கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. அனாதைப் பிள்ளைகளுக்கு ஊசி பிழைப்புக்கான கருவியாயிற்று. விளையாட்டுப் பொருள் செய்யும் கருவியாக எவரும் அதை நினைத்திருக்க வழியில்லை.

இனி நூலுக்கு வருவோம். ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் தூத்துக்குடியில் கோரல் மில்லையும், 1892இல் மதுரையில் இன்னொரு ஆலையையும் அமைத்தனர். பருத்தி வந்து நூலாகிக் கப்பலேறும் ஊராகத் தூத்துக்குடி மாறியது. அன்றைய தொழிற்சாலைச் சட்டத்தைப் பார்த்தால் திகைப்பு வருகிறது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலையில் சேர்க்க இடம் கொடுத்தது. 1891ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வயதை ஒன்பதாக உயர்த்தி, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர வேலை என்று வரையறுத்தது. இதுதான் பாதுகாப்பு என்று கருதப்பட்ட காலம் அது.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றார்கள், ஊர்மக்களும் ஆதரித்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. சில நாட்களுக்குள், மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. கப்பலோட்டியதற்காக நாம் கொண்டாடும் வ.உ.சி., நூல் நூற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைக்காகவும் நின்றவர் என்பதை இங்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறோம். 1907இல் ஜெர்மனியில் ஒன்பது லட்சத்துக்கும் மேலான கரடிகள் குழந்தைகளின் கட்டில்களை நோக்கிப் பயணப்பட்டன. 1908இல் தூத்துக்குடியில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கேட்டுத் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் விளையாட்டுப் பருவம் என்ற ஒன்று யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதை இந்த இரு ஆண்டுகளும் பக்கத்தில் நின்று சொல்கின்றன.

பிறருக்காக உழைக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. கொற்கைக் காலம் தொட்டு இக்கடலில் முத்துக் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கி, கயிற்று வலைப்பையில் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலேறினார்கள். அந்த முத்துக்கள் துளையிடப்பட்டு, நூலில் கோக்கப்பட்டு, தொலைநாட்டு அரசர்களின் அங்கிகளில் தைக்கப்பட்டன. தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளுக்குக் கித்தான் பாய் தைத்ததும் இதே கரைதான். தடித்த ஊசியால் ஆண்கள் செய்த தையல் அது. முத்து, பாய், நூல், பின்னல் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதப்பட்டது, அவை விற்பனைக்குச் சென்றதால். பழஞ்சேலையை மடித்துத் தொட்டிலுக்கு மெத்தை தைத்த கைக்குக் கணக்கில்லை. அந்தக் கை செய்தவை கிழிந்து, கந்தலாகி, அடுப்படித் துணியாகி மறைந்தன.

பஞ்சுக்கு வந்தபோது எங்களிடையே ஒரு சிரிப்பு எழுந்தது. 'இலவு காத்த கிளி' என்று ஏமாற்றத்துக்கு நாம் சொல்வோமே, அந்த இலவின் பஞ்சுதான் எங்கள் தலையணைக்குள் போயிற்று. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு பறந்தது நட்டம். தலை சாய்க்கும் மனிதருக்கு அது லாபம். இழை மிக மெல்லியது, வழுவழுப்பானது. துணியின் நெசவு நெருக்கமாக இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும். ஆகவே உள்ளுறை ஒன்று தனியாக வேண்டும். நீரை எளிதில் உறிஞ்சாத பஞ்சு என்பதால் முன்னாளில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். கடல் விலங்கின் வயிற்றில் அடைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று தோன்றியது.

ஆவுளியாவின் கதையும் மகிழ்ச்சியானதல்ல. இறைச்சிக்காக இக்கரையில் நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கப்படவேண்டிய உயிர்களின் முதல் அட்டவணையில் சேர்த்தது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியக் கடல்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு என்ற அளவில்தான்.

தலையணை தயாராயிற்று. ஒரு துடுப்பு மற்றதைவிடச் சற்றுப் பெரியது. வயிற்றில் நாங்கள் மூடித் தைத்த இடம் தழும்பைப் போலத் தெரிகிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, "மொதத் தையலுக்கு இது போதும்" என்றார். தமக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் தம் ஆச்சி என்றும், ஆச்சி தைத்த எதுவும் இப்போது தம்மிடம் இல்லை என்றும் சொன்னார். ஆச்சியின் பெயரைக் கேட்டு எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

குழந்தை அதைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இது இப்பவும் கடல்ல இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னோம். இன்னும் சில காலத்துக்குப் பிறகும் அதே பதிலை உண்மையாகச் சொல்ல முடியவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.