மூடுபனி ஊரில் சமையலறைச் சாயம்: எந்த வண்ணம் எடுபடும், எது பாதுகாப்பு?

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் வெளியே வருவது சாய டின்னும் ரோலரும்தான். வரவேற்பறையை முடித்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் குசினியில் அடிச்சுட்டா போதும் என்று நினைப்பவர்கள் பலர்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது முதலில் வரும் ஊரான ரிங்லெட்டில் அந்தக் கணக்கு சரிவராது. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். குளிர், மூடுபனி, மதியத்துக்குப் பிறகு மழை. கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் அழகாகத் தெரிந்த அதே சாம்பல் நிறம், இங்கே சோர்ந்துபோய்த் தெரியும். சில மாதங்களில் மூலையில் கறுப்புப் பூஞ்சையும் எட்டிப் பார்க்கும்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இணையத்தில் சொல்லும் 'வடக்கு அறை, தெற்கு அறை' விதி இங்கே பொருந்துமா?

பொருந்தாது. வடக்குப் பார்த்த அறை இருட்டு, தெற்குப் பார்த்த அறை வெளிச்சம் என்பது ஐரோப்பா போன்ற இடங்களுக்கான விதி. ரிங்லெட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது கிழக்கா மேற்கா என்பதைத்தான். கிழக்கு ஜன்னல் உள்ள சமையலறைக்குக் காலை வெயில் கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்கு வர வேண்டிய மாலை வெயிலைப் பல நாள் மேகமே மறைத்துவிடும்.

மூடுபனி வெளிச்சம் வண்ணத்தை என்ன செய்யும்?

மேகம் வழியாக வரும் வெளிச்சத்தில் நீலச்சாயல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சாம்பல், பனிநீலம், தூய வெள்ளை ஆகியவை அதில் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும். கிரீம், வெண்ணெய் மஞ்சள், வெளிர் பீச், மணல் நிறம் ஆகியவை இதமாகத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியிலேயே தேயிலைச் சரிவோ மரங்களோ இருந்தால், அந்தப் பச்சை வெள்ளைச் சுவரில் லேசாகப் படியும். மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை என்றால் அது அவ்வளவாக உறுத்தாது.

வண்ண அட்டையின் பின்புறம் 'எல்ஆர்வி' என்று ஓர் எண் இருக்கலாம். சாயம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டும் எண் அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஒரே ஒரு ஜன்னல் உள்ள சிறிய சமையலறைச் சுவருக்கு 60-க்கு மேல் பார்த்து எடுங்கள். அடர் நிறம் பிடிக்கும் என்றால் கீழ் கேபினெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். காலில் இடிபடும் அழுக்கும் அதில் பளிச்சென்று தெரியாது.

விளக்கையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பலர் வீட்டில் இருப்பது 6500 கெல்வின் 'டேலைட்' விளக்கு. அது நீலச்சாயல் வெள்ளை. கிரீம் சுவரைக்கூட வெளிறச் செய்துவிடும். 3000 முதல் 4000 கெல்வின்வரை உள்ள விளக்கு சமையலறைக்குப் போதுமானது. சில சமயம் சுவரை மாற்றவே வேண்டாம், விளக்கை மாற்றினாலே போதும்.

சிறிய டப்பா வாங்கி, ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு பூச்சு அடியுங்கள். அதை அடுப்புப் பக்கம் ஒருநாள், ஜன்னல் பக்கம் ஒருநாள் ஒட்டி வையுங்கள். காலை, மூடுபனி நேரம், இரவு என மூன்று வேளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேட்டா, பளபளப்பா?

சமையலறையில் வண்ணத்தைவிட இதுதான் முக்கியம். மேட் பூச்சு எண்ணெய்ப் பிசுக்கையும் ஆவியையும் பிடித்துக்கொள்ளும். தேய்த்தால் தடம் விழும். சுவருக்கு சாட்டின், கேபினெட்டுக்கு செமி-கிளாஸ் எடுத்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

குழம்பு தெறித்த மஞ்சள் கறைக்கு ஒரு சேதி. மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தன்மை உள்ள சோப்பு பட்டால் சிவந்துபோகும். பயப்பட வேண்டாம். வெயில் படும் இடத்தில் அந்தக் கறை நாளாக நாளாக மங்கிவிடும். வெயிலே படாத அடுப்புச் சுவருக்குத் தூய வெள்ளை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஞ்சை மேலேயே அடித்துவிட்டால் மறைந்துவிடுமா?

மறையும், ஆனால் திரும்பி வரும். சோறு கொதிக்கும் ஆவி, குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டு நீராகப் படிகிறது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது தொல்லை தரும்.

முதலில் கசிவு இருந்தால் அடையுங்கள். தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சுடன் வினிகரையோ அமோனியா உள்ள திரவத்தையோ கலக்கவே கூடாது. நச்சுவாயு வரும். சமைக்கும்போது ஆவியை வெளியே தள்ளும் விசிறி அல்லது திறந்த ஜன்னல் இல்லாவிட்டால், பூஞ்சைத் தடுப்புச் சாயமும் நீண்ட நாள் தாங்காது.

எப்போது பூசுவது?

கேமரன் மலையில் மழை அதிகமாகப் பெய்யும் காலங்களில் ஒன்று அக்டோபர், நவம்பர். தீபாவளியும் அப்போதுதான். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பூச வேண்டாம் என்பது சாயத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. கடைசி வாரத்தில் அவசரமாக அடித்தால் சாயம் காயாமல் ஒட்டும், பிறகு உரியும்.

முடிந்தால் ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மழை இல்லாத நாளில், காலை 10 மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் நிறுத்துங்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும்.

கேபினெட்டுக்கு என்ன முறை?

அடுப்புக்கு மேலே இருக்கும் கதவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். முதலில் அதைக் கழுவி எடுக்க வேண்டும். பிறகு 180 முதல் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் ஒரு பூச்சு, நீர் சார்ந்த எனாமல் மெல்லியதாக இரண்டு பூச்சு. மெலமைன், லேமினேட் பலகைக்கு அதற்கென்றே உள்ள ஒட்டும் பிரைமர் வேண்டும். தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே பாத்திரம் அடுக்காதீர்கள். சாயம் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

சாயத்தில் ஈயம் இருக்குமா?

இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது.

சாயத்தில் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் பரிந்துரை. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் இந்த வரம்பு நடப்பில் உள்ளது. மலேசியக் கடைகளில் வாங்கிய எண்ணெய் சார்ந்த சாயங்களைப் பரிசோதித்து, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் சில இந்த வரம்பை வெகுவாகத் தாண்டியிருந்தன. மஞ்சள், சிவப்பு போன்ற பளீர் நிற எனாமல்களில்தான் இந்த ஆபத்து அதிகம்.

எனவே:

• 'ஈயம் சேர்க்கப்படாதது' அல்லது மலாயில் 'தன்பா பிளம்பும்' என்று டின்னில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

• சுவருக்கும் கேபினெட்டுக்கும் நீர் சார்ந்த சாயத்தையே தேடுங்கள்.

• பழைய தோட்ட வீடுகளில் கதவு, ஜன்னல் சட்டங்களில் பல அடுக்கு எனாமல் இருக்கும். அதைக் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். ஈரப்படுத்தித் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது.

• வீடு தோட்ட நிர்வாகத்துக்கோ உரிமையாளருக்கோ சொந்தம் என்றால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு வாங்குவது?

ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் சமையலறை, உயரம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். கதவு, ஜன்னல், ஓடு பதித்த இடம், கேபினெட் மறைக்கும் இடம் என 10 கழித்தால் 20. இரண்டு பூச்சுக்கு 40. ஆக, 4 லிட்டர் போதும்.

கொஞ்சம் மிஞ்சினால் மூடியை இறுக்கி, வண்ணத்தின் எண்ணை டின்மேல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு மூலை மட்டும் உரிந்தால், அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.