காற்றோட்டமும் சக்திச் சிக்கனமும்

கட்டடங்களுள் காற்றைச் செலுத்துதற்கும் அதனைத் தூய்மை செய்தற்கும் சக்தி செலவாகின்றது. அச்செலவை எவ்விடத்திற் குறைப்பது என்னும் வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கப் பொறியியலாளர் ஒருகாலத்திற் கண்ட விடை பிழையாய் முடிந்தது.

1895இல் அந்நாட்டு வெப்பமூட்டல், காற்றோட்டப் பொறியியலாளர் சங்கம் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று வேண்டுமென்றது. 1936இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் யாக்லூ நிகழ்த்திய ஆய்வு உடல் நாற்றத்தையே அளவுகோலாகக் கொண்டது. அதன்பின் 10 கன அடி போதுமெனக் கருதப்பட்டது. மூக்குக்குப் புலப்படாதது நுரையீரலையும் தீண்டாது என்னும் எண்ணம் இதனுள் மறைந்திருந்தது போலும்!

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இவ்வளவையும் மிகையாகக் காட்டிற்று. வெளிக்காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செலவாகும் எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்குடன், 1981ஆம் ஆண்டு நியமம் புகைபிடித்தல் இல்லாத அலுவலகங்களுக்கு 5 கன அடியே விதித்தது. யன்னல்கள் அடைக்கப்பட்டன, உள்ளிருந்த வளியே மீண்டும் மீண்டும் சுழன்றது. அதன் வழியில் வடிகட்டிகள் இருந்தன என்பது உண்மையே. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை விசிறியையும் குளிர்க்குழாய்களையும் தூசியினின்று காக்க அமைந்தவை. மனிதரைக் காக்க அமைந்தவையல்ல. நுண்டுகள்கள் அவற்றைக் கடந்தன. ஒட்டுப்பலகைகளினின்று வெளிவரும் போமல்டிகைட்டு போன்ற வாயுக்களை அவை தடுக்கவே இயலாது. தலைவலி, கண்ணெரிவு, களைப்பு என ஊழியர் முறையிட்டனர். வெளியே வந்ததும் அவை தணிந்தன. காரணங்கள் பலவாயினும் காற்றுக்குறைவு அவற்றுள் ஒன்றென்பது தெளிவாயிற்று. புதிய, திருத்தியமைத்த கட்டடங்களுள் 30 வீதம் வரையில் இத்தகைய முறைப்பாடுகள் எழக்கூடுமென 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையொன்று குறித்தது. 1989இல் நியமம் திருத்தப்பட்டு, அலுவலகங்களுக்கு 20 கன அடியாயிற்று.

சிக்கனத்துக்கு வேறொரு வழி இருந்தது. செக்கனுக்கு ஒரு கனமீற்றர் வளி, 250 பஸ்கால் அமுக்க இழப்புள்ள வடிகட்டியூடாகச் செல்வதாகக் கொள்வோம். விசிறியின் வினைத்திறன் 50 வீதமாயின் இதற்கு 500 உவாற்று வலு வேண்டும். இடைவிடாது இயங்கின் ஆண்டுக்கு 4380 அலகு மின்சாரம். வடிதாளை ஆழமாக மடித்து அதன் பரப்பை இருமடங்காக்கினால், அதனூடு செல்லும் வளியின் வேகம் பாதியாகின்றது; தாளினால் ஏற்படும் அமுக்க இழப்பும் ஏறத்தாழப் பாதியாகின்றது. வளியோ குறைவதில்லை, தூய்மையும் குறைவதில்லை.

இவ்வெளிய கணக்கு வடிகட்டி வாங்குவோரின் கைக்கு வரக் காலம் பிடித்தது. 1999இல் அமெரிக்காவில் வந்த சோதனை முறை 0.3 முதல் 10 மைக்கிரோமீற்றர் வரையான துகள்களை வடிகட்டி எவ்வளவு பிடிக்கின்றதென அளந்து தரப்படுத்தியது. ஆண்டுச் சக்திச் செலவை அது தரப்படுத்தவில்லை. ஐரோப்பாவில் அத்தகைய தரப்படுத்தல் 2011இலேயே தொடங்கிற்று. 2020இல் கொவிட் தொற்றின்போது நுண்ணிய வடிகட்டிகளைப் பொருத்துமாறு ஆலோசனை வந்தபொழுது, ஆழமான மடிப்புக்கு இடமில்லாத ஒடுங்கிய சட்டங்களும் வலுக்குறைந்த விசிறிகளும் கொண்ட பழைய கட்டடங்களில் அதனைச் செயற்படுத்துவது எளிதாயிருக்கவில்லை.