முதலாளி இல்லாத டிராம், அரசு இல்லாத ஊர்

1936 ஜூலை 20. பார்சிலோனாத் தெருக்களில் இரண்டு நாள் சண்டை ஓய்ந்திருந்தது. கலகம் செய்த ராணுவத்தை, ஸ்பெயின் குடியரசுக்கு விசுவாசமாக நின்ற காவல் படையோடு சேர்ந்து தொழிற்சங்கத்துக்காரர்கள் அடக்கிவிட்டார்கள். கத்தலோனிய மாநில ஆட்சியின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ், சி.என்.டி. தொழிற்சங்கத்தின் தலைவர்களை அரண்மனைக்குக் கூப்பிட்டனுப்பினார். துர்ருத்தி, கார்சியா ஒலிவர் முதலானோர் புழுதி படிந்த உடையோடும் தோளில் துப்பாக்கியோடும் வந்து நின்றார்கள். கொம்பானிஸ் வழக்கறிஞர், இதே சங்கத்து ஆட்களுக்காக ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் வாதாடியவர். நகரம் இனி உங்கள் கையில். நான் இருக்கட்டுமா, விலகட்டுமா, நீங்களே சொல்லுங்கள் என்ற பொருள்பட அவர் பேசியதாக ஒலிவர் பிற்பாடு எழுதினார்.

அரசே வேண்டாம் என்று சொல்லிவந்தவர்களிடம் அரசு தானாக வந்து நின்றது.

அரசு வேண்டாம் என்னும் இந்த அனார்க்கிஸக் கொள்கை ஸ்பெயினுக்குள் நுழைந்தது 1868-இல். ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனின் அனுப்பிய ஃபனெல்லி என்ற இத்தாலியர் கொண்டுவந்தார். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசியே ஆள் சேர்த்தார். ஆலைத் தொழிலாளரிடமும் ஆந்தலூசியாவின் நிலமற்ற கூலிகளிடமும் அது வேர்பிடித்தது. 1910-இல் சி.என்.டி. பிறந்தது. 1919-இல், ஒரு மின்சாரக் கம்பெனி எட்டு எழுத்தர்களை வேலைநீக்கம் செய்ததற்காக அது நடத்திய வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்து பார்சிலோனாவை இருளில் தள்ளியது. நாடு முழுவதற்கும் எட்டு மணி நேர வேலை என்ற ஆணை அதனால் வந்தது. இவ்வளவு பெரிய சங்கத்தில் சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் அநேகமாக இல்லை.

சி.என்.டி. சேர்ந்திருந்த பன்னாட்டு அமைப்பு 1922 கடைசியில் பெர்லினில் தொடங்கப்பட்டது. அந்த மாநாட்டில் சென்னையில் பிறந்த ஒருவரும் இருந்தார்: எம்.பி.டி. ஆச்சார்யா. புதுச்சேரியில் பாரதியின் ‘இந்தியா’ இதழோடு தொடர்புடையவர். தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது உடனிருந்து, பின்பு அதிலிருந்து விலகி அனார்க்கிஸ்ட் ஆனவர். 1954-இல் பம்பாயில் இறந்தார். தமிழ்நாட்டில் அவரை நினைப்பவர்கள் மிகக் குறைவு.

1936 ஜூலைச் சண்டைக்குப் பிறகு பார்சிலோனாவில் முதலாளிகள் பலர் ஓடிவிட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். டிராம் கம்பெனியின் மேலாளர்களும் இடத்தைக் காலிசெய்துவிட்டார்கள். ஏறத்தாழ 7,000 பேர் வேலை செய்த நிறுவனம் அது. ஓட்டுநர், நடத்துநர், தண்டவாளப் பிரிவு, பட்டறை, மின்சாரம் என ஒவ்வொரு பிரிவும் கூடித் தன் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. துப்பாக்கிச் சண்டையில் அறுந்த கம்பிகளைப் பட்டறைக்காரர்கள் இரவும் பகலும் கட்டினார்கள். சண்டை ஓய்ந்த ஐந்தே நாளில் சிவப்பும் கறுப்பும் பூசிய டிராம்கள் ஓடின. தூரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டிருந்த கட்டணம் 20 சென்டிமாக ஒரே அளவாக்கப்பட்டது. சம்பள ஏற்றத்தாழ்வும் குறைந்தது. இந்த விவரங்களில் பலவற்றை எழுதிவைத்த காஸ்டன் லெவல் இயக்கத்துக்காரர் என்பதால் அவர் சொல்லும் லாபக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் டிராம்கள் ஓடின என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை. ரிட்ஸ் ஹோட்டல் தொழிலாளர் உணவகமானது. முடிதிருத்தும் கடைகளைக்கூடச் சங்கமே எடுத்து, எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய நிலையங்களாக்கியது.

அதாவது, முதலாளி இல்லாமல் தொழில் நடக்குமா என்ற கேள்விக்குப் பதில் சில வாரங்களிலேயே கிடைத்துவிட்டது. சிக்கல் எழுந்தது ஒரு ஆலைக்கும் இன்னொரு ஆலைக்கும் நடுவில். கையிருப்பில் சரக்கு வைத்திருந்த ஆலை நன்றாக வாழ்ந்தது. பஞ்சு வரத்து நின்று, கலக ராணுவத்தின் தளபதி பிராங்கோ வசமான பகுதிகளில் சந்தையையும் இழந்த நெசவாலைகள் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடின. ஒவ்வொரு ஆலையும் தனித்தனி முதலாளியாகிவிட்டது என்று சங்கத்துக்குள்ளேயே முணுமுணுப்பு கிளம்பியது. சுரண்டல் போனாலும் சோம்பல் போகவில்லை. வேலைக்கு வராதவர்களைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் புகார் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், வங்கிகளைச் சி.என்.டி. தொடவில்லை. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களைக் கூட்டுடைமையாக்கும் ஆணையைக் கத்தலோனிய அரசு அக்டோபர் 24-இல் பிறப்பித்தது. மறுநாள் ஸ்பெயின் அரசின் 510 டன் தங்கம் கார்த்தகேனா துறைமுகத்திலிருந்து சோவியத் யூனியனுக்குக் கப்பலேறியது. ஆலை தொழிலாளியிடம் இருந்தது. கடன் கொடுப்பவனும் துப்பாக்கி வாங்குபவனும் வேறு ஆட்கள்.

கிராமங்களில் கதை இன்னும் சிக்கலானது. அரகோன் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் நிலத்தைப் பொதுவாக்கின. சில ஊர்களில் பணமே ஒழிந்தது, சிலவற்றில் கூப்பன் வந்தது. குடும்பத்தின் அளவைப் பார்த்துக் கூலி கொடுத்தார்கள். ஆனால் பல இடங்களில் பெண்ணின் கூலி ஆணுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. சமத்துவம் பேசியவர்களுக்கு இது உறுத்தியதாகத் தெரியவில்லை. தானாக விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏராளம். அனார்க்கிஸ்டுகளின் ஆயுதம் ஏந்திய படை ஊர் எல்லையில் நிற்கும்போது, சேர மாட்டேன் என்று சொல்ல எத்தனை சிறு விவசாயிக்குத் துணிச்சல் இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. பாதிரியார்களும் நிலக்கிழார்களும் கொல்லப்பட்டதையும் இந்தக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

ஜூலையில் கொம்பானிஸுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது? எல்லாவற்றையும் கையில் எடுப்போம் என்று சங்கக் கூட்டத்தில் ஒலிவர் வாதாடினார். அது சர்வாதிகாரம் ஆகிவிடும் என்று பெரும்பாலோர் மறுத்தார்கள். ஆட்சியை எடுக்கவும் இல்லை, கலைக்கவும் இல்லை, அப்படியே விட்டுவைத்தார்கள். செப்டம்பரில் கத்தலோனிய ஆட்சியில் சேர்ந்தார்கள். நவம்பரில் மாட்ரிட் அமைச்சரவையில் நான்கு அனார்க்கிஸ்டுகள் உட்கார்ந்தார்கள். ஒலிவருக்கு நீதித் துறை. சுகாதாரத் துறை ஃபெடெரிக்கா மொன்செனிக்கு. ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர் அவர். விட்டுவைத்த அரசு சும்மா இருக்கவில்லை, காவல் படையைத் திரட்டிக்கொண்டது. 1937 மே 3-இல், தொழிலாளர் குழு நடத்திவந்த தொலைபேசி நிலையத்துக்குள் போலீஸ் நுழைந்தது. ஐந்து நாள் தெருச்சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்த அனார்க்கிஸ்ட் அமைச்சர்களே வானொலியில் தம் ஆட்களை ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.

ஆகஸ்டில் அரகோனின் முறை. மத்திய அரசு அங்கிருந்த அனார்க்கிஸ்ட் மன்றத்தைக் கலைத்தது. கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்டரின் படைப்பிரிவு ஊர் ஊராகப் போய்க் கூட்டுப்பண்ணைகளை உடைத்து, நிலத்தையும் கருவிகளையும் பழைய உடைமையாளர்களிடம் கொடுத்தது. அப்புறம் வயல் வேலை தடுமாறத் தொடங்கியது. அடுத்த விதைப்பு என்ன ஆகுமோ என்ற கவலையில், உடைத்த பண்ணைகளில் ஒரு பகுதியை மறுபடி இயங்க விட வேண்டியதாயிற்று. பண்ணைகளை உடைத்தது தவறாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு எழுதியவர் வேளாண் சீர்திருத்த நிறுவனத்தின் பொதுச் செயலாளர் ஹோசே சில்வா, அவரும் கம்யூனிஸ்ட்தான். அப்படி மீண்டும் கூடிய பண்ணைகள் ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்தன. 1938 மார்ச்சில் பிராங்கோவின் படை அரகோனுக்குள் புகுந்தது. நிலம் பழைய சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போனது.