தோட்டச் சம்பளமும் அரசுச் சட்டமும்: இலங்கை மலையகத்தின் ஒரு நூற்றாண்டு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நாட்சம்பளத்தைச் சந்தையைவிட அரசின் சட்டங்களே பெரிதும் தீர்மானித்து வந்திருக்கின்றன. ஆயினும் ஒரு நாளுக்கு எவ்வளவு காசு என்பதில் அச்சட்டங்கள் காட்டிய உறுதி, மாதத்தில் எத்தனை நாள் வேலை, ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து என்பவற்றில் இல்லாமையால், சம்பள உயர்வின் பலனில் ஒரு பகுதி தொழிலாளர் கைக்கு வந்துசேரவேயில்லை.

1921 வரை தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணைத்திருந்தது கடனே. தமிழக ஊர்களிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் தலையில் கடனாக ஏற்றினார். அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டுக்குரிய தொகையைக் கட்டத் துணியும் தோட்டத்துக்கே அவர்கள் மாற முடிந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டே பிரித்தானிய இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, பின்னர் கண்டியில் தன் முகவர் ஒருவரையும் அமர்த்தி, தொழிலாளரை அனுப்ப வேண்டுமாயின் நியாயமான கூலிக்கு உறுதி வேண்டும் என நெருக்கியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது இந்த நெருக்குதலால்தான். அதன்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. உலகப் பெருமந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும் 1932, 1933 ஆண்டுகளில் அதே சட்டத்தின் துணையோடு கூலி குறைக்கப்பட்டது.

1941இல் முதலாளிமார், தொழிலாளர், அரசு ஆகிய முத்தரப்பின் பிரதிநிதிகள் அமரும் சம்பள நிர்ணய சபைகளுக்குச் சட்டம் வழிவகுத்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தபின், அவர்களது சம்பளத்துக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடுவோர் அருகினர். தொழிற்சங்கமே எஞ்சிய வழியாயிற்று. கொழுந்து பறிப்பதில் பெண்களே பெரும்பான்மையாக இருந்தும், ஆணுக்கு நிகரான சம்பளம் அவர்களுக்குக் கிடைக்க 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது இந்த வரலாற்றின் பெருங்களங்கம்.

முதலீட்டின் கதை இதனோடு பிணைந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின; 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது, நிலமோ அரசின் உடைமையாகவே நின்று நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. பழைய செடிகளைப் பிடுங்கி, புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, புதிதாக நட்டுப் பறிப்புக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் வருமானமின்றிச் செலவிட வேண்டும். குத்தகைக் காலம் தேயத் தேய அத்தகைய செலவில் நாட்டம் குறைவது இயல்பே. அதற்குக் கட்டாயமோ ஊக்கமோ போதிய அளவில் வகுக்காதது அரசின் பிழை. மறுநடுகை பின்தங்கிய மலைகளில் விளைச்சல் குன்ற, அந்தச் சுமை தொழிலாளியின் கூடையில் இறங்கியது.

அது இறங்கும் இடம் கொழுந்து நிறுக்கும் தராசு. தோட்டம் குறித்த அளவு, பெரும்பாலும் 16 முதல் 18 கிலோ, நிறைந்தால் முழுப் 'பெயர்', அதாவது ஒரு நாட்சம்பளம், பதியப்படும்; குறைந்தால் அரைப் பெயர் மட்டுமே பதியப்படுவதும் உண்டு. செடி முதிர்ந்து கொழுந்து அருகிய மலையில் நாள் முழுதும் நின்றவர் பாதிச் சம்பளத்தோடு தன் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பினால், வர்த்தமானியில் அச்சான தொகையால் அவருக்கு ஆவது சிறிதே.

இந்தப் பறிப்பளவு பற்றிய இணக்கங்களுக்கு இடமளித்தது, தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்த கூட்டு ஒப்பந்தம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியதும் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024இல் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபாயும் வழக்கில் சிக்கி, இறுதியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டமோ அதை 1,550 ரூபாயாக உயர்த்துவதோடு, வருகைக்கான ஊக்கத்தொகையாக நாளுக்கு 200 ரூபாயை அரசே வழங்கவும் முன்மொழிந்தது. தனியார் கம்பனியின் சம்பளப் பட்டியலில் பொதுப்பணத்தைச் சேர்க்க முன்வரும் அரசு, வேலை நாட்களின் எண்ணிக்கையையும் பறிப்பின் அளவையும் மறுநடுகைக் கடமையையும் அதே சட்டத்துக்குள் எழுதியாக வேண்டும்.