மருத்துவமனைத் தொற்று: சிங்கப்பூரில் தடுப்பும் கண்காணிப்பும்

மருத்துவமனையில் சேரும்போது நோயாளியின் உடலில் இல்லாமல், சிகிச்சை பெறும் இடத்திலேயே அவரைப் பற்றிக்கொள்ளும் கிருமித்தொற்றுக்கு மருத்துவமனைத் தொற்று என்று பெயர். சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வெளிப்படுபவற்றை இக்கணக்கில் சேர்ப்பது பொது வழக்கம். சிறுநீர்க்குழாய், இரத்தநாளத்தில் செருகிய குழாய், அறுவைப் புண், சுவாசக் கருவி ஆகியவை கிருமி நுழையும் வாசல்கள். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் கழுவாத கை. சிங்கப்பூரில் இதன் வரலாற்றைப் பெரிய நோய்ப்பரவல்களை வைத்தே சொல்கிறார்கள். அது பாதி வரலாறுதான். தொற்றை எண்ணுவதும், எண்ணியதைத் தாமதமின்றிச் சொல்வதும் எந்த அளவுக்கு நடந்தனவோ அந்த அளவுக்கே தடுப்பும் பலித்திருக்கிறது.

தொடக்கத்தில் இருந்த முக்கிய வழி நோயாளிகளைப் பிரித்துவைப்பது. 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை, பின்பு சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதிக்கு வந்து, 1909இல் மோல்மீன் சாலைக்கு இடம்பெயர்ந்தது. அதே சாலையில் 1913இல் எழுந்த தொற்றுநோய் மருத்துவமனை, 1920இல் மிடில்டன் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இந்த ஏற்பாடு ஊரை நோயாளியிடமிருந்து காத்தது. நோயாளியை மருத்துவமனையிடமிருந்து காப்பது அதன் நோக்கமே அல்ல. அந்தக் காப்பு மிகவும் தேவைப்பட்ட இடம் பிரசவ வார்டு. தேக்காவை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1924 முதல் மகப்பேறு பார்க்கப்பட்டது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அவ்வளவு நெரிசலான பிரசவ வார்டில் கைகழுவுதல் தாயின் உயிர் சம்பந்தப்பட்டது. அதை 1847இல் வியன்னாவில் காட்டியவர் மருத்துவர் செம்மல்வைஸ். கிருமிக் கொள்கை நிலைபெறாத காலத்தில், இரண்டு பிரசவ வார்டுகளின் இறப்புகளை எண்ணி ஒப்பிட்டதே அவர் கையில் இருந்த சான்று.

மருத்துவமனையே தொற்றும் இடமாகலாம் என்ற உண்மையை, 2003 பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கிலிருந்து வந்த சார்ஸ் கொடுமையாக நினைவூட்டியது. மொத்தம் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஐந்தில் இருவர் மருத்துவத் துறை ஊழியர்கள். ஏப்ரல் இறுதி வரையிலான தொற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருத்துவ நிலையங்களுக்குள்ளேயே நேர்ந்தவை. மார்ச் 22 அன்று டான் டோக் செங் சார்ஸ் மருத்துவமனையாக்கப்பட்டது. ஊழியர்கள் நாள்தோறும் உடல்வெப்பம் பார்த்துக் குறித்தார்கள். எந்த வார்டில் காய்ச்சல் கூட்டமாக எழுகிறது என்பதைக் காட்டும் அந்தச் சின்னப் பதிவு, முகக்கவசத்துக்கு இணையான காவல். மே இறுதியில் பரவல் நின்றது.

பரவல் நின்றாலும் பாடம் முழுதாக நிலைக்கவில்லை. 2015இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியது. சந்தேகம் மே மாதமே எழுந்திருந்தும், சுகாதார அமைச்சுக்கு விவரம் எட்டியது ஆகஸ்ட் இறுதியில். மக்களுக்கு அக்டோபர் 6 அன்று. இதை விசாரித்த தனிக்குழு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, தொற்றுத்தடுப்பு நடைமுறைகளில் இருந்த ஓட்டைகளைச் சுட்டியது. இது ஒரு வார்டின் கதை. 2015 ஜூலை முதல் 2016 பிப்ரவரி வரை 13 மருத்துவமனைகளில் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்போ, குறித்த ஒரு நாளில் வார்டில் இருப்போரை எண்ணும் முறையில், 5,415 பேரைப் பார்த்தது. 646 பேரிடம், அதாவது 11.9 விழுக்காட்டினரிடம், மருத்துவமனைத் தொற்று இருந்தது. சாதாரண நாளில் எட்டில் ஒருவர் என்ற நிலை, தலைப்புச் செய்தியான பரவல்களைவிட என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

இந்த எண் மிகையானது என்பார் உண்டு. ஒருநாள் கணக்கில் நெடுநாள் படுத்திருப்போர் அதிகம் அகப்படுவதால், புதிதாகச் சேருவோரின் ஆபத்து பெரிதாகத் தோன்றும் என்பது சரியான மறுப்புதான். அதற்கு மருந்து, எண்ணுவதைக் கைவிடுவதல்ல. ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் செருகியிருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குழாய் நாள்) எத்தனை தொற்று என்று தொடர்ந்து கணக்கிடுவது. முதியவருக்கும் புற்றுநோயாளிக்கும் தொற்று தவிர்க்க முடியாதது என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள், கைகழுவுதல், குழாய் செருகும்போது முழு மறைப்பு, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, தொடைநாளத்தைத் தவிர்ப்பது, தேவையற்ற குழாயை அகற்றுவது என்ற ஐந்து செயல்களைக் கடைப்பிடித்தன. குழாய்வழி இரத்தத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே படுத்திருந்தவர்களும் கடும் நோயாளிகளே.

உண்மையைச் சொன்னால் மக்கள் மருத்துவமனைக்கு வர அஞ்சுவார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. அச்சம் மெய்தான். 2021 ஏப்ரல் இறுதியில் டான் டோக் செங்கின் 9டி வார்டில் தாதி ஒருவருக்குக் கோவிட் உறுதியானபோது வார்டு பூட்டப்பட்டது, பார்வையாளர் வருகை நின்றது, நோயாளிகளும் ஊழியர்களும் பரிசோதிக்கப்பட்டனர்; எல்லாம் உடனுக்குடன் அறிவிக்கப்பட்டன. அந்தத் தொகுப்பு 48 பேரோடு அடங்கியது. அம்மா அப்பாவின் கட்டிலருகே உட்கார முடியாமல் தவித்த குடும்பங்களின் வேதனை சிறியதல்ல. ஆனால் 2015இல் மறைவில் கழிந்த மாதங்களின் விலை அதைவிடப் பெரிது.

330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய் நிலையம் 2019 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் தொற்றுநோய்க்கெனத் தனி அமைப்பும் இயங்குகிறது. கணக்கெடுப்பின் முடிவுகளை மருத்துவமனைவாரியாக, நோயாளியின் குடும்பம் படித்துப் புரிந்துகொள்ளும்படி நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியிடும் பொறுப்பை அந்த அமைப்பு ஏற்க வேண்டும்.